கல்லிடை வாழும் சிற்றுயிர் இரண்டு

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன முடியும் கோட்டையும் படையெடுப்புமே. ஆயினும், மனிதன் தன்னைச் சூழ்ந்துள்ள உயிர்களை எவ்வாறு அறிந்துகொண்டான், அவற்றைப் பற்றி எங்கெங்கே பிழைபட எண்ணினான், அப்பிழைகளை எவ்வாறு திருத்திக்கொண்டான் என்பனவும் வரலாறேயாகும். அவ்வகை வரலாற்றுக்கு எடுத்துக்காட்டாக இரண்டு சிற்றுயிர்களைப் பற்றி இன்று கூற எண்ணுகின்றேன்.

ஒன்று, அவுத்திரேலியாவின் பனிமலைகளில் வாழும் மலைக் குறும்பொசம். கங்காருவைப் போலக் குட்டியை வயிற்றுப்பையில் வைத்து வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது; ஆனால் சுண்டெலியிலும் சற்றே பெரிது. நிறை ஏறத்தாழ 45 கிராம். உடலின் நீளம் 11 சென்ரிமீற்றர். வால் உடலிலும் நீளமானது. மற்றது, குளிர்நாட்டு மலைப்பாறைகளின்மேல் மஞ்சளும் பச்சையும் கலந்த திட்டுகளாய்ப் படர்ந்திருக்கும் ஓர் இலைக்கன். நம் மக்கள் கற்பாசி என்று பொதுவாக வழங்கும் வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு திட்டையும் சுற்றிக் கருங்கோடு ஒன்று எல்லை வகுத்தாற்போல் ஓடும். பாறை முழுவதையும் பார்த்தால், பல நாடுகளின் எல்லைகளைக் குறித்த நிலப்படம் ஒன்றை விரித்து வைத்தது போலத் தோன்றும். அதனாலேயே இதனை நிலப்பட இலைக்கன் என்பர். சுவீடன் நாட்டு அறிஞர் இலின்னேயசு 1753-இல் இதற்குப் பெயரிட்டபோதும் புவியியலைக் குறிக்கும் சொல்லையே சேர்த்தார்.

விலங்கு ஒன்றையும் பாசி போன்ற ஒன்றையும் ஒப்பிடுவதில் என்ன பயன் என்று நேயர்கள் வினவலாம். இவை இரண்டும் கல்லையும் குளிரையும் நம்பி வாழ்வன. ஐரோப்பா, அமெரிக்கா முதலிய கண்டங்களின் மலைகளிற் போலவே அவுத்திரேலிய மலைகளிலும் இவ்விலைக்கன் உண்டு. எனினும், இடத்தின் ஒற்றுமையை விட முக்கியமான ஒற்றுமை வேறொன்று உண்டு. இரண்டைப் பற்றியும் கற்றோர் உறுதியாக ஒரு முடிவு கூறியிருந்தனர். இரண்டிலும் அம்முடிவு பொய்த்தது. ஒன்றை இறந்துபட்ட இனம் என்றனர். அது உயிரோடு வந்தது. மற்றதைத் தனியொரு செடி என்றனர். அது இரண்டு உயிர்களின் கூட்டாய் முடிந்தது.

முதலில் விலங்கின் கதையைக் காண்போம். றொபேட் புறூம் என்பவர் 1866-இல் ஸ்கொத்லாந்தில் பிறந்தவர், தொழிலால் மருத்துவர், நாட்டத்தால் பழைய எலும்புகளை ஆராய்பவர். அவர் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் தரல்கா என்னும் சிற்றூரில் மருத்துவம் செய்து வந்த காலத்தில், அண்மையிலுள்ள வொம்பியன் குகைப் பகுதிக்குச் சென்று, சுண்ணக்கல்லோடு இறுகிக் கிடந்த எலும்புக் குவியல்களை ஆராய்ந்தார். அவற்றுள் மிகச் சிறிய தாடையெலும்புகள் சில இருந்தன. அவற்றிலிருந்த பல்லொன்று அவரை வியக்கவைத்தது. கடைவாய்ப் பற்களுக்கு முன்னுள்ள அப்பல், தாடையின் அளவுக்குப் பொருந்தாதவாறு பெரிதாகவும், வரிவரியாகக் கீறியதாகவும், அரத்தின் விளிம்பு போன்றும் இருந்தது. அவ்வகைப் பல்லுடைய சிறுவிலங்கு எதுவும் அந்நாட்டில் அப்போது அறியப்படவில்லை. எனவே இது மறைந்துபோன ஓர் இனம் என்று கொண்டு, 1896-இல் அதற்குப் புராமிசு பார்வசு என்று பெயரிட்டார். கற்கள் நிறைந்த இடத்துச் சிற்றெலி என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். எலும்பு கிடைத்த இடத்தை நோக்கி இடப்பட்ட அப்பெயர், அவ்விலங்கு உயிரோடு வாழும் முறைக்கும் பொருந்தும் என்பது அன்று ஒருவருக்கும் தெரியாது.

அதன்பின் அறுபது ஆண்டுகள் அவ்வெலும்புகள் அறிஞருக்குள் ஒரு சிறு வழக்காகவே இருந்தன. இது கங்காருவுக்கு உறவா, மரமேறும் பொசங்களுக்கு உறவா என்பதே வழக்கு. றைட் என்னும் விலங்கியலறிஞர், வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலத்தைக் கொண்டு கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, எலும்புகளை ஊறுபடாமல் வெளிப்படுத்தினார். 1956-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, இது பொசங்களின் உறவினமே என்பதை நிறுவியது. வழக்கு முடிந்தது. ஆனால் தீர்ப்பு இறந்த ஒன்றைப் பற்றியதாகவே எல்லோரும் கருதினர்.

1966 ஆம் ஆண்டு ஓகத்து மாதம். அந்நாட்டில் அது கடும் மாரிக்காலம். விற்றோரியா மாநிலத்து ஹொதம் மலையில், பனிச்சறுக்கு விளையாட்டுக்குச் செல்வோர் தங்கும் விடுதி ஒன்றில் சிறுவிலங்கு ஒன்று அகப்பட்டது. எலி என்று அடித்துக் கொன்றிருக்கக்கூடிய உயிர் அது. நற்காலமாக, பிடித்தவர் அதனை உயிரோடு மெல்பேணுக்கு எடுத்துச் சென்று விலங்கறிந்தோரிடம் காட்டினார். அவர்கள் வாயைத் திறந்து பார்த்தபோது அந்த வரிப்பல் இருந்தது. எழுபது ஆண்டுகளாக ஏட்டில் இறந்து கிடந்த விலங்கு, கையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. புறூம் பின்னர் தென்னாபிரிக்கா சென்று, ஆதிமனிதக் குடியின் எலும்புகளைக் கண்டு உலகப் புகழ் பெற்று, 1951-இல் இறந்தார். தாம் பெயரிட்ட விலங்கை உயிரோடு காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அது அகப்பட்டதோ அவர் பிறந்த நூறாம் ஆண்டில்.

இத்தனை காலம் அது எங்கே இருந்தது? மலைமுடிகளையொட்டிச் சரிந்து கிடக்கும் பெரும்பாறைக் குவியல்களின் இடுக்குகளில் இருந்தது. ஆண்டிற் பல மாதங்கள் அப்பாறைகளின்மேல் பனி மூடிக்கிடக்கும். அக்காலத்தில் இவ்விலங்கு உடலைப் பந்துபோற் சுருட்டிக்கொண்டு மாரியுறக்கம் கொள்ளும். வளர்ந்த விலங்குகள் ஏழு மாதம் வரையும் இவ்வாறு கிடக்கும்; உடலின் வெப்பநிலை 2 பாகை சதமம் அளவுக்குத் தாழும். இடையிடையே விழித்து, மீண்டும் உறங்கும். மேலுள்ள பனியே அதற்குப் போர்வை. பனிக்கு வெளியே காற்று எவ்வளவு கடுங்குளிராயினும், பனிக்குக் கீழே பாறையிடுக்கின் வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்கும். மனிதர் செல்லாத இடத்தில், செல்லாத காலத்தில், அது உறங்கிக் கிடந்தது. கண்டிலோம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறந்தோம், அவ்வளவே.

இனி இலைக்கனின் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இலைக்கன்கள் தனித்ததொரு செடிவகை என்றே தாவரவியலார் கொண்டிருந்தனர். உலகமெங்குமிருந்து அவை திரட்டப்பட்டுப் பெயரிடப்பட்டன. நம் நாட்டிலும், பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவெயிற்சு என்பார் திரட்டிய இலைக்கன்களை ஆராய்ந்து, லெயிற்றன் என்னும் ஆங்கிலேயர் 1870-இல் அவற்றைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அக்காலத்திலேயே, திரட்டிய பொருள் இன்னதென்பது பற்றி ஐரோப்பாவிற் பெரும்பூசல் மூண்டிருந்தது.

பூசலைத் தொடங்கியவர் சுவிற்சலாந்து நாட்டுச் சைமன் சுவெண்டனர். உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் இலைக்கனைக் கூறிட்டுப் பார்த்தால், நிறமற்ற நுண்ணிழைகளின் பின்னலும், அப்பின்னலுக்குட் சிக்கிய பச்சை உருண்டைகளும் தெரியும். அவ்வுருண்டைகள் இலைக்கனின் உறுப்புகள் என்பதே பழைய கொள்கை. சுவெண்டனரோ, இழைகள் பங்கசு இனத்தைச் சேர்ந்தவை, உருண்டைகள் நீரிலும் ஈரத்திலும் வாழும் அல்கா இனத்தைச் சேர்ந்தவை, இலைக்கன் என்பது இவ்விரண்டின் கூட்டு என்று 1867-இல் அறிவித்தார்; 1869-இல் நூலாகவும் வெளியிட்டார். பங்கசு ஆண்டான் என்றும், அல்காக்கள் அதனிடம் சிறைப்பட்டு உழைக்கும் அடிமைகள் என்றும் அவர் உவமை கூறினார். அல்கா ஞாயிற்றொளியைக் கொண்டு உணவு ஆக்கும். பங்கசு அதனை உண்ணும். ஈடாக உறைவிடமும் ஈரமும் வெயிலிலிருந்து காப்பும் அளிக்கும்.

இலைக்கனை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டோர் பலர் இதனை ஏற்றிலர். அவர்களுள் தலையாயவர் பின்லாந்திற் பிறந்து பாரிசில் வாழ்ந்த வில்லியம் நிலாந்தர். அவர் அறியாதவர் அல்லர், நுண்ணிய நோக்குடையவர். பாரிசின் இலட்சம்பேர்க் பூங்காவில் இலைக்கன்கள் செழித்திருப்பதையும், நகரின் ஏனைய பகுதிகளில் அவை அருகியிருப்பதையும் கண்டு, இலைக்கன் காற்றின் தூய்மையைக் காட்டும் கருவி என்று 1866-இல் எழுதியவர் அவரே. இன்றும் பல நாடுகளில் அம்முறை கொண்டு காற்று மாசு அளக்கப்படுகின்றது. அத்தகையவரும், தாம் நூற்றுக்கணக்காகப் பெயரிட்ட உயிர்கள் ஒவ்வொன்றும் ஒன்றல்ல இரண்டு என்பதை இறுதிவரை ஒப்பவில்லை. 1899-இல் அவர் இறந்தார். அதற்குள் பிறர் பங்கசையும் அல்காவையும் வேறுவேறாக வளர்த்து, மீண்டும் சேர்த்து, இலைக்கனை உண்டாக்கிக் காட்டினர். செருமானிய அறிஞர் அன்டன் டி பாரி, வேற்றினங்கள் கூடி வாழும் நிலைக்கு ஒன்றியவாழ்வு என்னும் கருத்தை 1878-இல் விளக்கியபோது, இலைக்கனையே சிறந்த சான்றாகக் காட்டினார். அத்தோடும் முடியவில்லை. சில இலைக்கன்களின் மேற்பட்டையில் நொதியத்தை ஒத்த மற்றொரு பங்கசும் உண்டு என்று 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒன்று என்றது இரண்டாகி, இரண்டு என்றது சிலவிடங்களில் மூன்றாயிற்று.

இவ்வாறு நோக்கின், இரண்டு உயிர்களும் அறிவின் வரலாற்றில் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. ஆனால் அவற்றின் வேறுபாடுகளும் கருதத்தக்கன. பொசம் வரலாற்றின் பொருளாய் நிற்பது. இலைக்கன் வரலாற்றை அளக்கும் கோலாயும் அமைவது. நிலப்பட இலைக்கன் மிகமிக மெல்ல வளரும். ஆண்டொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் வளர்வதும் அரிது. ஆகவே, ஆண்டு பொறித்த கல்லறைக் கற்களிலும் பழைய கட்டடங்களிலும் உள்ள திட்டுகளின் அகலத்தை அளந்து வளர்ச்சி வேகத்தை அறிந்துகொண்டால், ஆண்டு தெரியாத பாறை எப்போது வெளிப்பட்டது என்பதைக் கணிக்கலாம். ஒசுத்திரியத் தாவரவியலார் உரோலன்ட் பெசல் 1950-இல் இம்முறையை வகுத்துக் காட்டினார். பனிக்கட்டியாறுகள் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற கற்குவியல்களின் வயதை அறிய இது பெரிதும் உதவியது. எழுத்தும் கல்வெட்டும் இல்லாத மலைச்சரிவுகளில், இலைக்கனே கல்வெட்டு. ஆர்க்டிக்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த திட்டுகள் உள்ளன என்று கணிக்கப்பட்டுள்ளது.

அதன் உரமோ வியக்கத்தக்கது. 2005-இல் பொட்டன் எம்-2 என்னும் உருசிய விண்கலத்தின் வெளிப்புறத்தில் இவ்விலைக்கனும் வேறோர் இலைக்கனும் வைத்து அனுப்பப்பட்டன. காற்றில்லா வெளியில், ஞாயிற்றின் தடுக்கப்படாத கதிர்களின்கீழ், ஏறத்தாழ 15 நாட்கள் கிடந்து மீண்ட பின்னும் அவை உயிரோடிருந்தன. நீர் பெற்றதும் ஒளித்தொகுப்பைத் தொடங்கின. 45 கிராம் நிறையுள்ள பொசமோ, போர்வையான பனி சில வாரம் முந்திக் கரைந்தாலே துன்புறும். உறக்கம் கலைந்தால் சேமித்த கொழுப்பு வீணே எரியும். வெளியே உணவும் இராது.

இவ்வேறுபாட்டின் காரணத்தை ஆராய்ந்தால் சிறந்ததோர் உண்மை புலப்படும். இலைக்கன் வலியது, ஏனெனில் அது தனக்கு வேண்டிய துணையைத் தன் உடலுக்குள்ளேயே வைத்திருக்கின்றது. பொசத்துக்கும் துணையுண்டு, ஆனால் அது உடலுக்கு வெளியே, நூற்றுக்கணக்கான கிலோமீற்றர்களுக்கு அப்பால் இருக்கின்றது. கல்லினுள் தேரைக்கும் உணவளிப்பான் ஒருவன் உளன் என்பது நம்மவர் வழக்கு. இக்கல்லிடைப் பொசத்துக்கு உணவு கொண்டுவருவது பொகொங் என்னும் அந்துப்பூச்சி. தாழ்ந்த சமவெளிகளில் புழுவாய் வளரும் இப்பூச்சிகள், வேனிலின் வெப்பத்துக்கு ஒதுங்குவதற்காக, 1,000 கிலோமீற்றர் வரையும் இரவிற் பறந்து இம்மலைகளை அடைகின்றன. அவை விண்மீன்களைக் கொண்டே திசையறிகின்றன என்று 2025-இல் ஓர் ஆய்வு காட்டியது. அவை வந்து பாறையிடுக்குகளில் அடையும் காலமும், பொசம் உறக்கம் நீங்கிக் குட்டி ஈனும் காலமும் ஒன்றாய் அமைந்தன. தாய்க்கு முலைக்காம்பு நான்கு. நான்கு குட்டிகளையும் வளர்ப்பது பெரும்பாலும் அப்பூச்சியின் கொழுப்பே. அப்பூச்சிகளைத் தேடி அந்நாட்டுத் தொல்குடி மக்களும் ஆண்டுதோறும் மலைக்கு வந்தனர். விற்றோரியாவின் குளோக்சு குகையில் எடுத்த அரைகல் ஒன்றில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அப்பூச்சியை அரைத்த எச்சம் காணப்பட்டது.

2017 முதல் 2019 வரை சமவெளிகளைக் கடும்வரட்சி வாட்டியது. பூச்சிகள் மலைக்கு வருவது பெரிதும் குறைந்தது. பால் வற்றிய தாய்களின் பைகளிற் குட்டிகள் மாண்டன. மலையில் ஒரு கல்லும் பெயரவில்லை, மரமொன்றும் வெட்டப்படவில்லை. தொலைவிலுள்ள வயல்வெளியில் மழை பொய்த்ததனால் மலைமுடியில் ஓரினம் தளர்ந்தது. அழியும் தறுவாயிலுள்ள இனம் என்று 2008-இலேயே பதியப்பட்ட பொசத்துக்கு அடுத்து, 2021-இல் அந்துப்பூச்சியும் ஆபத்துக்குள்ளான இனமாகப் பதியப்பட்டது. வளர்ந்த பொசங்கள் இன்று ஏறத்தாழ 2,000 அளவிலேயே உள்ளன என்று மதிப்பிடுகின்றனர். தனித்த உயிர் என்று எண்ணியது தவறு என்பதை இலைக்கன் விடயத்தில் உருப்பெருக்கி காட்டியது. பொசத்தின் விடயத்தில் வரட்சி காட்டியது.

மனிதன் வாளாவிருக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். ஹொதம் மலையில் பனிச்சறுக்குத் தலத்துக்காக அமைத்த வீதி, மேலே வாழும் பெண் விலங்குகளிடமிருந்து கீழே வாழும் ஆண் விலங்குகளைப் பிரித்தது. 1985-இல் வீதியின்கீழ்ச் சுரங்கம் அமைத்து, அதனைப் பாறைக்கற்களால் நிரப்பி, அவை கடந்துசெல்ல வழி செய்தனர். காதற் சுரங்கம் என்று நகையாகப் பெயரிட்ட அவ்வழியை விலங்குகள் ஏற்றுக்கொண்டன. 1996-இல் அறியப்பட்ட புல்லர் மலைக் கூட்டம் பின்னர் மிகச் சிறுத்து, உறவுக்குள்ளேயே இணைந்து நலிந்தது. 2011-இல் ஹொதம் மலையிலிருந்து ஆண் விலங்குகளைக் கொணர்ந்து விட்டனர். கலந்து பிறந்த குட்டிகள் வலிமையோடு பெருகின. இம்முயற்சிகள் யாவும், பிரிந்ததை மீண்டும் சேர்த்தலே என்பது கவனிக்கத்தக்கது.

இன்னொரு முயற்சிக்கு வழிகாட்டியவை பழைய எலும்புகளே. குயின்சுலாந்தின் இறிவர்சுலீப் பகுதியிலும் பிறவிடங்களிலும் கிடைத்த உயிர்ச்சுவடுகள், இப்பொசத்தின் முன்னோர் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பனிமலையில் அன்று, தாழ்நில மழைக்காடுகளில் வாழ்ந்தன என்று காட்டுகின்றன. ஆகவே, பனி குறைந்துவரும் இக்காலத்தில் இவ்வினத்தைப் படிப்படியாகத் தாழ்நிலக் காட்டுக்குப் பழக்கலாமா என்று ஆராய்வதற்காக, சிட்னிக்கு மேற்கேயுள்ள லித்கோவில் வளர்ப்பு நிலையம் ஒன்று அமைக்கப்பட்டுள்ளது. இறந்த இனம் என்று நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுசென்றதும் எலும்பு; வாழும் இனத்துக்கு மாற்றுவழி காட்ட முன்வருவதும் எலும்பு. சான்று மாறவில்லை; அதனை நாம் படிக்கும் முறையே மாறியது.

வரலாறு கற்பிப்போர் மாணவர்க்கு அடிக்கடி கூறவேண்டிய எச்சரிக்கை ஒன்றுண்டு. சான்று கிடைத்தவரை கூறுக; சான்று இல்லாதவிடத்து இல்லை என்று முடிவு கூறற்க. மலைப் பொசம் எழுபது ஆண்டுகள் பனிக்கடியில் இருந்து அவ்வெச்சரிக்கைக்குப் பொருள் தந்தது. ஓர் உயிரை அதன் தோலோடு எல்லை வகுத்து நிறுத்துதல் ஆகாது என்பதை இலைக்கன் தந்தது. முதன்முறை பொசம் இறந்தது என்று கூறியபோது அது நம் அறியாமை மட்டுமே. விலங்குக்கு அதனால் ஊறு நேரவில்லை. இனி அவ்வாறு கூற நேர்ந்தால் அது உண்மையாகவே இருக்கும். அப்போது ஏட்டைத் திருத்த ஒரு விடுதியில் வந்து அகப்படுவதற்கு எவ்விலங்கும் இராது. பாறையின் மேலிருக்கும் நிலப்பட இலைக்கன் மட்டும், அந்த ஆண்டையும் தன் விளிம்பில் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவான கோடாகச் சேர்த்துக்கொள்ளும்.